ஸ்டாண்டர்டு மோட்டார்: பெருங்களத்தூரில் நின்றுபோன கார்

ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்பது சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் தொழிற்சாலை வைத்துக் கார் தயாரித்த நிறுவனம். 1948-இல் தொடங்கப்பட்டது. இங்கிலாந்தின் கோவன்ட்ரி நகரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியும் சென்னையில் கார் வணிகம் செய்துவந்த யூனியன் கம்பெனி மோட்டார்ஸும் இதில் கூட்டாளிகள். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் இந்தியச் சாலைகளில் ஓடிய மூன்றே வகைக் கார்களில் ஒன்றான ஸ்டாண்டர்டு ஹெரால்டு இங்கிருந்துதான் வந்தது. மற்ற இரண்டு, கல்கத்தாவின் அம்பாசடரும் பம்பாயின் ஃபியட்டும்.

எழுபதுகளின் இறுதியில் கார் தயாரிப்பை நிறுத்திய இந்நிறுவனம், 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய காருடன் மறுபடி களத்துக்கு வந்தது. 1988-இல் அதுவும் நின்றது. தொழிற்சாலை மீண்டும் கார் செய்யவில்லை. நாற்பதாண்டு வரலாறு உள்ள நிறுவனமாயிற்றே என்று கேட்கலாம். ஆனால் அந்த இரண்டாம் பிறவியின் ஆயுள் மூன்றாண்டுதான். அதுவே முதல் பிறவியையும் சேர்த்துக் கொண்டு போயிற்று. தமிழ்நாடு இன்று இந்தியாவின் கார்த் தொழிலில் முன்வரிசையில் இருக்கிறது. இங்கே முதலில் கார் செய்த நிறுவனத்தின் பெயரை மாணவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் ஹூண்டாய் என்றோ ஃபோர்டு என்றோதான் சொல்வார்கள். இக்கட்டுரை எழுத அதுவே காரணம்.

பெயரைப் பற்றி

கோவன்ட்ரி நிறுவனத்தை 1903-இல் தொடங்கியவர் ரெஜினால்டு மாட்ஸ்லே. நன்கு சோதித்துப் பார்த்து நிலைபெற்ற உறுப்புகளை மட்டுமே கொண்டு கார் செய்ய வேண்டும் என்பது அவர் எண்ணம். அதனால் ‘ஸ்டாண்டர்டு’ என்று பெயர் வைத்தார். காலம் அந்தச் சொல்லைக் கீழே இறக்கிவிட்டது. ‘டீலக்ஸ்’ என்ற சொல் வந்தபின், ஸ்டாண்டர்டு என்றால் வசதிகள் குறைந்த சாதாரண வகை என்ற பொருள் ஆங்கிலத்தில் படிந்தது. 1963-இல் இங்கிலாந்தில் அப்பெயரில் கார் வருவது நின்றுபோனது. சென்னையில் மட்டும் அது மேலும் 25 ஆண்டுகள் தொடர்ந்தது.

நம் வழக்கில் ‘ஸ்டாண்டர்டு’ என்றால் தரமானது. இன்னொரு பொருள் பள்ளிக்கூடத்துப் பொருள். இந்நிறுவனம் ஐம்பதுகளில் செய்த சிறிய கார்களின் பெயர்கள் ஸ்டாண்டர்டு எய்ட், ஸ்டாண்டர்டு டென். ஆசிரியராக இருந்தவனுக்கு இவை எட்டாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு என்றுதான் காதில் விழும். உண்மையில் இவை பிரிட்டனில் வரி விதிப்பதற்காக வகுத்திருந்த பழைய குதிரைத்திறன் கணக்கிலிருந்து வந்த எண்கள்.

தொடக்கம்

சென்னைக்கு வண்டித் தொழில் புதிதன்று. சிம்ப்சன் நிறுவனம் 1840-லிருந்து குதிரை வண்டிகளும் பிறகு மோட்டார் வண்டிகளுக்கு உடலும் கட்டிவந்தது. அங்குப் பணியாற்றிய சாமுவேல் ஜான் கிரீன் 1903-இல் ஒரு நீராவிக் காரையே செய்து ஓட்டினார். ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் போன்ற அமெரிக்க நிறுவனங்கள் விடுதலைக்கு முன்பே இந்தியாவில் உதிரிகளை இறக்கி, பூட்டி, விற்றன. ஆனால் அது பூட்டும் வேலை. உறுப்புகளெல்லாம் கப்பலில் வந்தன.

விடுதலை பெற்ற அரசு இதை மாற்ற நினைத்தது. முழுக் காரை இறக்குமதி செய்வது தடுக்கப்பட்டது. 1953-இல் சுங்கவரி ஆணையம் அளித்த அறிக்கையை ஒட்டி, படிப்படியாக இங்கேயே உறுப்புகளைத் தயாரிக்கத் திட்டம் வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு மட்டுமே இடம் என்றாயிற்று. ஐம்பதுகளின் நடுவில் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டின. கார் செய்வதற்கு ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், ஸ்டாண்டர்டு என மூன்று நிறுவனங்கள் நிலைத்தன.

பெருங்களத்தூரிலிருந்து முதலில் வந்தது வான்கார்டு. 2088 கன சென்டிமீட்டர் எஞ்சின் கொண்ட, முதுகு வளைந்த, கனத்த கார். இந்த எஞ்சினை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கதையின் முடிவில் அது மீண்டும் வரும். இதே குடும்பத்து எஞ்சின்தான் அக்காலத்தில் உலகெங்கும் புகழ்பெற்ற சிறிய சாம்பல் நிற ஃபெர்குசன் டிராக்டரிலும் பொருத்தப்பட்டிருந்தது. அந்த டிராக்டரைக் கோவன்ட்ரியில் செய்து கொடுத்ததும் ஸ்டாண்டர்டு நிறுவனமே.

அதே 1948-ஆம் ஆண்டு சென்னையில் இன்னொரு கார் நிறுவனமும் பிறந்தது. ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ். எண்ணூரில் ஆஸ்டின் ஏ-40 கார்களைப் பூட்டியது. சில ஆண்டுகளில் காரை விட்டுவிட்டு, பிரிட்டனின் லேலண்டு நிறுவனத்தோடு சேர்ந்து லாரிக்கும் பேருந்துக்கும் மாறி, 1955-இல் அசோக் லேலண்டு ஆயிற்று. ஒரே ஊர், ஒரே ஆண்டு, இருவருக்கும் ஆங்கிலேயக் கூட்டாளி. ஒன்று இன்றும் நிற்கிறது. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் வாழ்பவர்களுக்கு இந்த ஒப்பீடு தானாகவே மனத்தில் எழும்.

ஹெரால்டு

1959-இல் பிரிட்டனில் வெளிவந்த டிரையம்ஃப் ஹெரால்டு, 1961 முதல் இந்தியாவில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆயிற்று. வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலாட்டி. கூர்மையான விளிம்புகள், பின்பக்கம் சிறிய துடுப்பு, மெல்லிய கூரை. அம்பாசடரின் உருண்டை உடலுக்கு அருகில் இதை நிறுத்தினால் அண்ணன் பக்கத்தில் நாகரிகத் தம்பி நிற்பது போலிருக்கும்.

இக்காரின் அமைப்புக்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. அக்காலத்தில் மற்றக் கார்களெல்லாம் உடலும் அடிச்சட்டமும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்ட ஒற்றை உடலுக்கு மாறிக்கொண்டிருந்தன. கோவன்ட்ரிக்கு உடல் செய்து கொடுத்த தகட்டு நிறுவனத்தைப் போட்டி நிறுவனம் ஒன்று விலைக்கு வாங்கிவிட்டது. எனவே ஸ்டாண்டர்டு பழைய முறைக்குத் திரும்பியது. தனி சேசிஸ், அதன்மேல் வெவ்வேறு பட்டறைகளில் செய்த உடல் துண்டுகளை போல்ட்டு போட்டு முடுக்குவது என்று முடிவாயிற்று. இங்கிலாந்தில் இக்கட்டினால் வந்த இந்த ஏற்பாடு, பெரிய அழுத்தப் பொறிகள் இல்லாத இந்தியாவுக்கு மிகவும் பொருந்திப்போனது. துண்டு துண்டாகக் கொண்டுவரலாம், துண்டு துண்டாக உள்நாட்டிலேயே செய்யத் தொடங்கலாம்.

ராசிபுரம் பக்கத்தில் நான் சிறுவனாக இருந்தபோது ஒரு டாக்டர் சந்தன நிற ஹெரால்டில் வருவார். காரின் முன்பகுதி முழுவதும், மட்கார்டு விளக்கு எல்லாம் சேர்த்து, ஒரே மூடியாக முன்னோக்கித் திறக்கும். டிரைவர் முன் டயரின் மேலேயே உட்கார்ந்துகொண்டு எஞ்சினைப் பார்ப்பார். ‘வாய் பிளக்கிற கார்’ என்று அதைச் சுற்றி நிற்போம். சந்துக்குள் வந்த கார் திரும்பும் விதமும் ஒரு வேடிக்கை. 25 அடி விட்டத்துக்குள் முழுவட்டம் அடித்துவிடும். மாட்டு வண்டிக்காரர்கள்கூட நின்று பார்ப்பார்கள்.

இன்னொன்றும் கவனித்திருக்கிறோம். ஆளில்லாமல் நிற்கும்போது பின்சக்கரங்கள் இரண்டும் அடியில் உள்வாங்கி, கால் பின்னிய குழந்தை போல நிற்கும். நான்கு பேர் ஏறினால் நேராகிவிடும். ஹெரால்டின் பின்னச்சு ஒரே கம்பியாக இல்லாமல் நடுவிலிருந்து இரண்டு கைகளாகப் பிரிந்து மேலும் கீழும் ஆடுவது. ஊஞ்சல் அச்சு என்று மாணவர்களுக்குச் சொல்லலாம். ஒரு சக்கரம் குழியில் இறங்கினால் மற்றச் சக்கரம் பாதிக்கப்படாது, அதனால் பயணம் மெத்தென்று இருக்கும். ஆனால் சக்கரம் மேலும் கீழும் போகும்போதெல்லாம் அதன் சாய்வும் மாறும். ஆளுக்கு மேல் ஆள் ஏறும் நம் ஊர்ப் பயணத்துக்கும், அறுபதுகளின் சாலைக்கும் அது ஒத்துவரவில்லை. டயர் ஒருபக்கமாகத் தேய்ந்தது, அச்சுத்தண்டு முறிவதும் உண்டு.

முன்சக்கரத்தின் அடிமூட்டிலும் ஒரு நுட்பம் இருந்தது. டிரன்னியன் என்ற அந்த வெண்கல மூட்டுக்குக் கெட்டியான கியர் ஆயில் விட வேண்டும், கிரீஸ் அடிக்கக் கூடாது என்பது செய்தவர்கள் சொன்ன விதி. எங்கும் கிரீஸ் கன்னை வைத்து அடித்தே பழகிய மெக்கானிக்குகள் இதற்கும் அடித்தார்கள். இந்தியாவில் மட்டுமன்று, பிரிட்டனிலும் இதே தவறு நடந்தது. உள்ளே நீர் புகுந்து துருப்பிடித்து, ஒருநாள் சக்கரம் மடங்கிவிடும். அம்பாசடர் எந்தத் தவற்றையும் பொறுத்துக்கொண்டது. ஹெரால்டுக்குக் கொஞ்சம் படித்த மெக்கானிக் வேண்டியிருந்தது. நெடுஞ்சாலையோரப் பட்டறைகளை நம்பி ஓடும் நாட்டில் இது சிறிய குறை அன்று என்பது என் கருத்து.

இரண்டு கதவு இன்னொரு குறை. பெரியவர்களும் புடவை கட்டிய பெண்களும் முன்னிருக்கையை மடக்கி உள்ளே நுழைய வேண்டும். அறுபதுகளின் இறுதியில் நிறுவனம் தன் முயற்சியில் நான்கு கதவு ஹெரால்டைக் கொண்டுவந்தது. பிரிட்டனில் ஹெரால்டுக்கு நான்கு கதவு இருந்ததே இல்லை. அந்த வகையில் இது சென்னையின் சொந்தப் படைப்பு. இதைப் போதிய அளவு யாரும் பாராட்டவில்லை.

உரிமமும் விலையும்

ஏன் இந்தக் கார் வளரவில்லை என்பதற்குக் குறைகள் மட்டும் காரணமில்லை. அக்கால அரசு முறையை இன்றைய மாணவர்களுக்கு விளக்குவது கடினம். எந்தக் கார் செய்யலாம், எவ்வளவு செய்யலாம், புதிய பொறியை வெளிநாட்டிலிருந்து வாங்கலாமா, வெளிநாட்டு நிறுவனத்துக்கு எவ்வளவு பணம் கொடுக்கலாம் என ஒவ்வொன்றுக்கும் தில்லியில் அனுமதி வேண்டும். கார் ஆடம்பரப் பொருளாகக் கருதப்பட்டதால், எஃகையும் அந்நியச் செலாவணியையும் அதற்குக் கொடுக்க அரசுக்கு மனமில்லை. அரசின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. உணவுத் தானியத்துக்கே கப்பலை எதிர்பார்த்திருந்த காலம் அது. 1969-இல் காரின் விலைக்கும் அரசே உச்சவரம்பு வைத்தது. மூன்று கார் நிறுவனங்களின் விலை வழக்கும் உச்ச நீதிமன்றம் வரை போனது.

கோவையில் ஜி. டி. நாயுடு 1952-இல் இரண்டு பேர் அமரும் சிறிய காரைச் செய்ததாகவும், 2000 ரூபாய்க்குத் தர முடியும் என்றிருந்தும் உரிமம் கிடைக்காததால் அது நின்றுவிட்டதாகவும் சொல்வார்கள். உரிமம் கிடைக்காதவர் கதை அது. ஸ்டாண்டர்டு, உரிமம் கிடைத்தவர் கதை. கிடைத்தும் உள்ளே அடைபட்டவர்.

எண்ணிக்கைதான் கார்த் தொழிலின் உயிர். பரமத்தி வேலூர்ப் பக்கம் வெல்லம் காய்ச்சுகிறவர்கள் அச்சுக்கு ஒருமுறை செலவழித்துவிட்டு ஆயிரக்கணக்கில் கட்டி வார்ப்பார்கள். பத்துக் கட்டிக்கு ஒரு மர அச்சு செதுக்கினால் கட்டுப்படியாகாது. ஒரு கார்க் கதவை அழுத்தும் அச்சும் அப்படித்தான். ஆயிரம் கதவு அழுத்தினாலும் ஒரு லட்சம் அழுத்தினாலும் அச்சின் விலை ஒன்றே. மூன்று நிறுவனங்களிலும் மிகச் சிறியது ஸ்டாண்டர்டு. பிரிட்டனில் ஹெரால்டின் எஞ்சின் 1147 ஆகி, பிறகு 1296 கன சென்டிமீட்டர் ஆயிற்று. பெருங்களத்தூரில் அது கடைசிவரை 948-ஆகவே இருந்தது.

1972-இல் அந்தக் காரையே திருத்தி, ஊஞ்சல் அச்சை எடுத்துவிட்டு வழக்கமான ஒரே அச்சைப் பொருத்தி, கெஸல் என்ற பெயரில் விட்டார்கள். மக்கள் பத்தாண்டாகச் சொல்லிவந்த குறை ஒருவழியாகத் தீர்ந்தது. அடுத்த ஆண்டே உலக எண்ணெய் நெருக்கடி. பெட்ரோல் விலை ஏறியது, கார் விற்பனை விழுந்தது. 1977 வாக்கில் கெஸல் நின்றது. அதன்பின் ஸ்டாண்டர்டு 20 என்ற சிறிய சரக்கு வேன்தான் நிறுவனத்தைத் தாங்கியது.

ஸ்டாண்டர்டு 2000

எண்பதுகளில் காற்று மாறியது. 1983 டிசம்பர் 14 அன்று மாருதி 800 வெளிவந்தது. விலை 47,500 ரூபாய். உரிமக் கட்டுப்பாடுகளும் சற்றுத் தளர்ந்தன. பழைய நிறுவனங்கள் பெரிய கார்களை நோக்கிப் போயின. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984-இல் கான்டெசாவைக் கொண்டுவந்தது. பிரீமியர் 1985-இல் 118 என்.இ. காரை விட்டது. இரண்டுமே ஐரோப்பாவில் விற்று ஓய்ந்த கார்களின் உடலைக் கொண்டவை.

ஸ்டாண்டர்டு தேர்ந்தெடுத்தது ரோவர் எஸ்.டி.1. இது 1976-இல் பிரிட்டனில் வந்து, அடுத்த ஆண்டு ஐரோப்பாவின் சிறந்த கார் என்ற பரிசைப் பெற்றது. டேவிட் பாஷ் வரைந்த உடல் அது. நீண்ட மூக்கும் சரிந்த முதுகும் கொண்டது. அருமையான தேர்வு என்றுதான் எவரும் சொல்லியிருப்பார்கள். 1985-இல் அதன் படத்தைச் செய்தித்தாளில் பார்த்தபோது எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் அரைநாள் பேச்சு அதுவாகவே இருந்தது. சம்பளம் பற்றிய பேச்சைக்கூட அன்று யாரும் எடுக்கவில்லை.

இங்கே ஒரு பரவலான பிழையைத் திருத்த வேண்டும். ஸ்டாண்டர்டு 2000 என்பது இந்தியாவில் செய்த ரோவர் கார் என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். உடல் ரோவருடையது. எஞ்சின் ரோவருடையதன்று. பிரிட்டனில் இக்கார் புகழ்பெற்றது 3500 கன சென்டிமீட்டர், எட்டு உருளை எஞ்சினால். அங்கே விற்ற மிகச் சிறிய 2000 வகைக்கே நூறு குதிரைத்திறனை ஒட்டிய புதிய எஞ்சின் இருந்தது. பெருங்களத்தூரில் பொருத்தியது நாற்பதுகளில் பிறந்த வான்கார்டின் எஞ்சினை. உருளையின் விட்டத்தைக் குறைத்து 1991 கன சென்டிமீட்டராக்கிய வடிவம். 83 குதிரைத்திறன். ஐந்து கியர்களுக்குப் பதில் நான்கு. இந்தியச் சாலைக்காக உடலும் தரையிலிருந்து உயர்த்தப்பட்டது. தாழ்ந்து பதுங்கி நிற்பதே அழகாக இருந்த கார், கால்விரலை ஊன்றி நிற்பதுபோல ஆயிற்று.

ஏன் இந்த எஞ்சின்? வேறு எஞ்சின் வாங்க அந்நியச் செலாவணி வேண்டும், அனுமதி வேண்டும், அதைச் செய்யப் புதிய பொறிகள் வேண்டும். வான்கார்டு வழி எஞ்சின் கையில் இருந்தது. அதை வார்க்கவும் கடையவும் தெரிந்த தொழிலாளர்கள் இருந்தார்கள். குறை சொல்லுமுன் நியாயம் பார்த்தால், இதே எஞ்சின் ஐம்பதுகளில் டிரையம்ஃப் டி.ஆர்.2 என்ற பந்தயக் காரிலும் இருந்து பெயர் வாங்கியது. ஆனால் அந்தக் கார் எடையில் மிகச் சிறியது. ஒன்றேகால் டன்னைத் தாண்டும் ரோவர் உடலை இழுக்க அதை வைத்தது, ஏர் மாட்டை ரேக்ளா வண்டியில் பூட்டிய கணக்கு. வண்டி நகரும், பந்தயம் நடக்காது.

வாங்கும் வசதியுள்ளவர் எதிர்பார்த்தது வெளிநாட்டுக் காரின் ஓட்டம். கிடைத்தது வெளிநாட்டுக் காரின் தோற்றம் மட்டும். பெட்ரோலையும் அது தாராளமாகக் குடித்தது. மாருதி வந்தபின் ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற கேள்வி வீட்டுத் திண்ணைவரை வந்துவிட்டது. கான்டெசாவும் முதலில் அம்பாசடரின் 1489 கன சென்டிமீட்டர் எஞ்சினோடு தடுமாறியதுதான். ஆனால் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸுக்கு அம்பாசடர் என்ற சோறுபோடும் வண்டி இருந்தது. காத்திருந்து, ஜப்பானின் இசுசு எஞ்சினை வாங்கிப் பொருத்திக் கான்டெசாவைக் காப்பாற்றிக்கொண்டது. ஸ்டாண்டர்டுக்குக் காத்திருக்க நேரமும் இல்லை, பின்னால் தாங்க வேறு காரும் இல்லை. எல்லாவற்றையும் ஒரே காரில் வைத்தாயிற்று.

பெங்களூரில் அதே பத்தாண்டில் சிப்பானி நிறுவனம், பிரிட்டனின் ரிலையன்ட் கிட்டன் காரை ஃபைபர் உடலோடு டால்ஃபின் என்ற பெயரில் விற்று மாருதியிடம் தோற்றது. அது சிறிய காரை எடுத்துத் தோற்றது, இது பெரிய காரை எடுத்துத் தோற்றது. எனவே காரின் அளவைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

மூடல்

1988-இல் ஸ்டாண்டர்டு 2000 தயாரிப்பு நின்றது. தொழிலாளர் போராட்டத்தைக் காரணமாகச் சொல்வோர் உண்டு. விற்காத கார் போராட்டத்துக்கு முன்பே நின்றுவிட்டது என்போரும் உண்டு. இரண்டும் ஒன்றையொன்று வளர்த்திருக்கும் என்றே நினைக்கிறேன். ஆர்டர் இல்லாத ஆலையில் ஊதியத் தகராறு முற்றும், தகராறு முற்றிய ஆலைக்கு டீலர் முன்பணம் அனுப்ப மாட்டார்.

இதில் அதிகம் இழந்தவர்கள் தொழிலாளர்கள். நாற்பதாண்டில் அங்கே உருவானவர்கள் சாதாரணக் கூலியாட்கள் அல்லர். வார்ப்பு, கடைசல், தகட்டு வேலை, பெயின்ட் என ஒவ்வொன்றிலும் கைதேர்ந்தவர்கள். சென்னைக்கு அருகே ஹூண்டாயும் ஃபோர்டும் ஆலை அமைத்தது தொண்ணூறுகளின் பின்பாதியில். பெருங்களத்தூர் மூடியதற்கும் அவை திறந்ததற்கும் நடுவே ஏறத்தாழ பத்தாண்டு இடைவெளி. 1988-இல் நாற்பத்தைந்து வயதான கடைசல்காரர் ஒருவருக்கு அந்த வாசல்கள் திறந்தபோது ஐம்பத்தைந்து ஆகியிருக்கும். புதிய ஆலைகள் எடுத்ததோ ஐ.டி.ஐ. முடித்த இளைஞர்களை. கார்த் தொழிலில் தமிழகம் பெற்ற வெற்றியை எழுதுகிறவர்கள் இந்த இடைவெளியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

ஆலையில் எஞ்சிய பொருள்கள் பல ஆண்டுகள் அப்படியே கிடந்தன. 2006-இல் அங்கிருந்த ரோவர் உடலுக்குரிய உதிரிப் பாகங்களின் இருப்பை பிரிட்டனைச் சேர்ந்த உதிரிபாக வணிகர்கள் வாங்கிக் கப்பலேற்றினார்கள். அங்கே பழைய ரோவர் எஸ்.டி.1 காரைப் பேணுகிறவர்களுக்குத் தகடும் கதவும் கிடைக்காமலிருந்த நேரம். இங்கே விலைபோகாத பாகங்கள் பிறந்த நாட்டில் பொக்கிஷமாயின. பெருங்களத்தூர் நிலத்தில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்புகளும் கணினி நிறுவன அலுவலகங்களும் நிற்கின்றன.

எங்கள் பக்கம்

சேலம், நாமக்கல் சமவெளியில் யாரும் கார் செய்யவில்லை. ஆனால் இங்கு வண்டித் தொழில் பெரியது. லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகள் நாமக்கல்லில் வரிசையாக உண்டு. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுவதும் ஆழ்துளைக் கிணறு போடுகின்றன. சங்ககிரியில் வீட்டுக்கு வீடு லாரி. இப்பட்டறைகள் எதிலும் எஞ்சின் செய்வதில்லை, சேசிஸ் செய்வதில்லை. அசோக் லேலண்டோ டாட்டாவோ அனுப்பும் வெறும் சேசிஸின் மேல் தச்சரும் வெல்டரும் பெயின்டரும் சேர்ந்து ஒரு லாரியை எழுப்புகிறார்கள். சொந்தப் பெயரில் ஒரு வண்டி இல்லையே என்று இதைக் குறையாகச் சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. லாரி வாங்குகிறவர் சரக்கு ஏற்றி, வட்டி கட்டி, மீதி பார்க்க வாங்குகிறார். அவருக்கு எது தேவை என்று பட்டறைக்காரருக்கு நேரில் தெரியும், குறையிருந்தால் மறுநாளே வந்து நிற்பார். ஹெரால்டின் ஊஞ்சல் அச்சை எடுக்கப் பெருங்களத்தூருக்குப் பத்தாண்டு ஆயிற்று.

அசோக் லேலண்டு ஓசூரில் 1980-இல் ஆலை திறந்தபின்னும் எண்ணூரிலிருந்து சேசிஸ்கள் வந்துகொண்டிருந்தன. கூரை இல்லை, கதவு இல்லை. எஞ்சினுக்குப் பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்து, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, வெயிலிலும் மழையிலும் ஓட்டிவருவார்கள். நாமக்கல்லுக்கு வர அவர்களுக்குத் தாம்பரம் வழியாக ஜி.எஸ்.டி. சாலைதான் வழி. தொண்ணூறுகளில் தேர்வுத் தாள் திருத்தச் சென்னைக்குப் போகும்போதெல்லாம் பேருந்து சன்னலிலிருந்து பார்ப்பேன். ஒரு பக்கம் பூட்டிய ஸ்டாண்டர்டு ஆலையின் மதில், சாலையில் எதிரே எங்கள் ஊரை நோக்கி மூன்று நான்காக வரிசைபிடித்து வரும் சேசிஸ்கள்.